மட்டக்களப்பில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கண்காட்சி: படைப்புகள் உறுதி, வாசல் செங்குத்து

நகரில் வாவிக்கரையை ஒட்டிய ஒரு பழைய மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளின் உரிமையையும் போராட்டத்தையும் பற்றிய கலைக் கண்காட்சி ஒன்று நடக்கிறது. நுழைவு இலவசம். வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, கல்முனைப் பக்கம் என்று பல ஊர்க்காரர் சேர்ந்து செய்தது. படைத்தவர்களில் பெரும்பாலானோர் மாற்றுத்திறனாளிகள். அதனால்தான் இங்கே இருப்பவற்றில் பாதிக்கு மேல் யாரிடமும் பரிதாபம் கேட்காமல், அளவு சொல்லிக் கோரிக்கை வைக்கின்றன. கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய கண்காட்சி. மண்டபத்தில் உடனே திருத்த வேண்டிய குறைகளும் உண்டு. இரண்டையும் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் படிகள். நடுக்கூடத்தில் எட்டுப் படிகள் வரிசையாகத் தரையில் இருக்கின்றன. எட்டுப் பொது அலுவலகங்களின் வாசலில் உள்ள முதல் படியை அளந்து, அதே அளவில் பலகை அடித்து, மேலே சீமெந்து பூசியிருக்கிறார்கள். அலுவலகப் பெயர் எதிலும் இல்லை. முகப்பில் உயரம் மட்டும் செ.மீ. கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது: 14, 17, 19 என்று போய் 23இல் முடிகிறது. தனியாகச் சக்கர நாற்காலி ஓட்டுபவர் முன்சக்கரங்களைத் தூக்கி ஏறப் பழகியிருந்தால் சின்ன விளிம்புகளைத் தாண்டிவிடுவார். 14 என்றாலே பெரும்பாலானோருக்கு இன்னொருவர் தேவை. 23க்கு இரண்டு பேர் வேண்டும், அதுவும் தூக்கத் தெரிந்த இரண்டு பேர்.

இதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் முறைப்பாடு. ஒவ்வொரு படியிலிருந்தும் தரையில் ஒரு மஞ்சள் பட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படிக்குச் சாய்வுப்பாதை போட எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அது காட்டுகிறது. கணக்கு 1:12, அதாவது 1 செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். 14க்கு 1.68 மீற்றர், 17க்கு 2.04, 19க்கு 2.28, ஆக உயரமான 23க்கும் 2.76 மீற்றர்தான். பட்டியோடு நடந்தோ உருண்டோ போகும்போது எவருக்கும் விளங்கும், ஒரு வான் நிறுத்தும் இடத்துக்குள் இந்த எட்டில் எதுவும் அடங்கிவிடும். "இடமில்லை" என்று அலுவலகங்களில் சொல்லப்படும் பதிலுக்கு இதைவிட நேரான மறுமொழி வேறில்லை.

சுவரில் நான்கு ஆண்டுகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. 1996: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம். 2006: பொதுக் கட்டடங்களின் அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. 2011: அணுகுவசதிச் செயற்பாட்டாளர் கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளுக்கு இணங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஏப்ரல் 27இல் கட்டளையிட்டது. 2016: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை பெப்ரவரி 8இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நான்குக்கும் விளக்கம் ஒவ்வொரு வரிதான், அது போதும். படிகளையும் ஆண்டுகளையும் ஒரே பார்வையில் காண முடிவதுதான் இந்தப் படைப்பின் பலம். சட்டமில்லாமல் இங்கே எதுவும் நின்றுபோகவில்லை. கட்டாத சில மீற்றர் சீமெந்தில்தான் எல்லாம் நின்றிருக்கிறது.

அடுத்து அதிக நேரம் செலவழிக்க வேண்டியது பன்பாய் வரைபடம். படுவான்கரைப் பெண்கள் இழைத்த ஐந்து பாய்களைத் தைத்துச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டு ஒழுங்கையிலிருந்து வாவித்துறை, படகுப்பாதை, பிரதான வீதி, பஸ் தரிப்பிடம் என்று பிரதேச செயலகம் வரைக்குமான ஒரு பயணம் அதில் இழைக்கப்பட்டிருக்கிறது. விரலால் வாசிக்க வேண்டிய வரைபடம். ஒழுங்கை ஒற்றை இழை, வீதி இரட்டை இழை, தண்ணீர் வழுவழுப்பான நெருக்கப் பின்னல். தடை இருக்கும் இடமெல்லாம் தும்புக்கயிற்று முடிச்சு. விழிப்புலனற்ற ஒருவர் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் போகையில் முடிச்சுகள் எங்கே அடர்கின்றன என்று கைக்கே தெரிகிறது. படகில் ஏறும் இடத்தில் மூன்று, பஸ்ஸின் மிதிபடியில் இரண்டு, செயலக வாசலில் ஒரு கொத்து.

தொட்டுப் பார்க்கும் படைப்புகளில் வழக்கமாக நடக்கும் பிழை, ஒரே பரப்பில் ஏழெட்டு வகை முடைவுகளைத் திணிப்பது. ஒரே பரப்பில் வகைகள் கூடக் கூட விரலுக்குப் பிரித்தறிவது கடினமாகும். இவர்கள் நான்கோடு நிறுத்தியது அறிந்து செய்த வேலை. மேசையின் உயரம் 75 செ.மீ., கீழே முழங்கால் போக இடம் உண்டு, சக்கர நாற்காலியோடு உள்ளே நுழைந்து பாயின் நடுப்பகுதி வரை கையெட்டலாம். ஒரு திருத்தம்: மேசை ஓரத்தில் கிருமிநாசினிக் களி வைத்திருக்கிறார்கள். அதைப் பூசிய கை பிசுபிசுத்து இழையில் ஒட்டுகிறது, பாயும் கறுக்கிறது. சவர்க்காரத்தால் கை கழுவி உலர்த்திவிட்டு வரச் சொல்வதே நல்லது. கண்காட்சி நீண்டு ஓடுமானால் முடிச்சுகள் நைந்துபோகும். மாற்ற ஒரு கட்டுத் தும்புக்கயிறு கையிருப்பில் இருக்க வேண்டும்.

பிரெயில் விளக்கங்கள்தான் இந்தக் கண்காட்சியின் வேதனையான இடம். செய்யவேண்டும் என்ற மனம் இருந்திருக்கிறது, ஒவ்வொரு படைப்புக்கும் தமிழ்ப் பிரெயில் விளக்கம் இருக்கிறது. ஆனால் பல சுவரில் 150 செ.மீ. உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அந்த உயரத்தில் வாசிக்க மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டும், இரண்டு வரிக்குள் கை நோகும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சிறுவருக்கும் எட்டவே எட்டாது. இரண்டு தாள்கள் தலைகீழாக இருக்கின்றன. சில தாள்களைச் சூடாக லமினேற் செய்ததில் புள்ளிகள் அமுங்கிப்போய்விட்டன. ஒட்டியவர்களுக்குப் பிரெயில் வாசிக்கத் தெரியாததால் வந்த பிழைகள் இவை, எளிதில் தடுக்கக்கூடியவை. தாளை அச்சிட்டவுடன் வலது மேல் மூலையைக் கத்தரித்துவிட்டால் எந்தப் பக்கம் மேலே என்று கண் பார்வையுள்ளவருக்கும் தெரியும். லமினேற் செய்யாமல், சதுர மீற்றருக்கு 120 முதல் 160 கிராம் வரும் தடித்த தாளாகவே வைத்து, பழுதானதும் மாற்றலாம். ஒட்டும் இடம் சுவராக இருக்கக் கூடாது. இடுப்பளவில், ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில், முன்பக்கம் சரிந்த ஒரு சின்னத் தட்டு வேண்டும். அந்தத் தட்டு ஒவ்வொரு படைப்புக்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் வலப்பக்கம். இல்லாவிட்டால் அதைத் தேடிச் சுவரைத் தடவுவதிலேயே பொழுது போய்விடும்.

ஒலிவிளக்கத்துக்கு கியூஆர் சதுரங்கள் இருக்கின்றன. ஒலிப்பதிவுகள் அருமை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகவில்லை, மட்டக்களப்புப் பேச்சுத்தமிழில் இருக்கின்றன, "இடப்பக்கம், உங்கள் தோளளவில்" என்று இடமும் அளவும் சொல்லித் தொடங்குகின்றன. ஆனால் தாளில் அச்சிட்ட சதுரத்தை விழிப்புலனற்றவர் எங்கே என்று தேடுவார்? சுற்றிவரத் தடித்த நூலை ஒட்டி விளிம்பு கட்டியிருந்தால் கைக்குப்படும். மண்டபத்தின் உட்பகுதியில் இணையத் தொடர்பும் மெதுவாகிறது. பதிவுகளை வாசலிலேயே ஒரு கைபேசியில் ஏற்றி, காதொலிப்பானோடு இரவலாகக் கொடுத்தால் பட்டன் கைபேசி வைத்திருப்பவரும் கேட்கலாம்.

போராட்டப் பதாகைகளின் பகுதி சின்னது, ஆனால் கண்ணைத் திறக்கும். இவை காட்சிக்காகச் செய்தவை அல்ல, உண்மையான கவனயீர்ப்புப் போராட்டங்களில் பிடித்தவை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்தவர் தடியில் கட்டிய பதாகையை எப்படித் தூக்குவார்? அவருக்குத் துணியில் முன்னும் பின்னும் எழுதி, தோளிலும் விலாவிலும் நான்கு நாடாக்களால் கட்டும் மேலங்கி தைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியின் மடியில் வைத்த அட்டை, முன்வரிசையில் நிற்பவர்களால் மறைந்துவிடும், செய்திப் படத்திலும் வராது. அதற்குத் தீர்வாக நாற்காலி முதுகின் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் குழாய் கட்டி, தலைக்கு மேலே துணியை விரித்திருக்கிறார்கள். காற்றடித்தால் நாற்காலியை இழுக்காமல் இருக்கத் துணியில் பிறை வடிவில் துளைகள் வெட்டியிருக்கிறார்கள். கடற்கரை வீதியில் ஊர்வலம் போனவர்களுக்கே தோன்றக்கூடிய யோசனை. எழுத்துகள் 8 செ.மீ.க்குக் குறையவில்லை, 20 மீற்றருக்கு அப்பாலிருந்தும் வாசிக்கலாம். தமிழில் சுழிகள் நெருங்கினால் தூரத்தில் கரும்புள்ளியாகிவிடும் என்பதை அறிந்து, எழுத்துகளுக்கிடையே இடம்விட்டு எழுதியிருக்கிறார்கள். "இரக்கம் வேண்டாம், சாய்வுப்பாதை வேண்டும்" என்ற மேலங்கிக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம்.

அதற்குப் பக்கத்தில் உலகப் போராட்டங்களின் படங்கள். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அரச கட்டடத்துக்குள் புகுந்து நான்கு வாரங்களுக்குக் கிட்ட வெளியேறாமல் இருந்தவர்கள், 1990 மார்ச்சில் வாஷிங்டன் நாடாளுமன்றப் படிகளில் ஊன்றுகோலையும் நாற்காலியையும் விட்டுவிட்டுத் தவழ்ந்து ஏறியவர்கள். அந்த ஜூலையிலேயே அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் தொலைபேசியைத் துண்டித்தபோது செவிப்புலனற்றவர்கள் யன்னல் வழியே சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னதும், கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் அமைப்பினர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்ததும் இங்கே சேர்த்திருக்க வேண்டிய விடயங்கள். ஒரு போராட்டம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை அவைதான் சொல்கின்றன. படங்கள் நகலெடுத்ததில் மங்கியிருக்கின்றன. பளபளக்கும் உறைகளில் மின்குமிழ் வெளிச்சம் அடித்து இன்னும் மங்குகின்றன.

பறைமேள மேடை செவிப்புலனற்றோருக்காகச் செய்தது, எல்லோரும் ஏறலாம். ஒரு சட்டத்தின் மேல் 12 மி.மீ. ஒட்டுப்பலகை, அடியில் தாழ்சுருதி ஒலிபெருக்கி. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால், ஊர்வலத்தில் அடிக்கும் தாளம் உள்ளங்காலில் ஏறி முழங்கால்வரை வருகிறது. மேடை 10 செ.மீ. உயரம், அதற்கு 1.2 மீற்றர் சாய்வுப்பாதையும் உண்டு, கணக்குச் சரியாக இருக்கிறது. பின்னர் யாரோ அழகுக்காக மேலே கம்பளம் விரித்துவிட்டார்கள். அதிர்வில் பாதியை அது குடித்துவிடுகிறது, உடனே எடுக்க வேண்டும். இந்த மேளமும் பக்கத்துக் காணொளியின் ஒலியும் தகரக் கூரையிலும் வெறுந்தரையிலும் பட்டு எதிரொலிப்பதால், செவிப்புலன் கருவி போட்டிருப்பவர்களுக்குக் கூடத்தின் அந்த மூலையில் நிற்பதே கடினம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாமல் நேரம் பிரித்து, சுவரில் ஏழெட்டு மருதமுனைக் கைத்தறிச் சீலைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டால் எதிரொலி ஓரளவு அடங்கும்.

காணொளியில் ஒரு பெண் சைகை மொழியில் பேசுகிறார். வைத்தியசாலையில் பெயர் கூப்பிடுவது கேட்காமல் தன் முறை போய்விடுவதைப் பற்றிய பேச்சு. குரல் இல்லை, கீழே தமிழ் வரிகள் ஓடுகின்றன. அவர் முகத்தில் எழும் கோபத்தைப் பார்த்தால் சைகை மொழி தெரியாதவருக்கும் நெஞ்சு இறுகும். ஆனால் கமெராவை நெஞ்சளவுக்கு நெருக்கியதால் பல இடங்களில் கை சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. பேச்சில் பாதி வெட்டுப்பட்டதற்குச் சமம். தலைக்கு மேலே ஒரு சாண், கீழே இடுப்பு, பக்கவாட்டில் விரித்த முழங்கைகள், இவ்வளவும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். மஞ்சள் வரிகள் வெள்ளைச் சட்டையின் மேல் விழுவதால் வாசிக்க முடிவதில்லை. பின்னால் கறுப்புப் பட்டை போட்டால் சரி.

வாக்களிப்பு மறைப்பு ஒன்றும் உண்டு. வாக்குச்சீட்டில் புள்ளடி போடும் கை மட்டும் களிமண்ணில், அதன்மேல் இன்னொருவரின் கை. 2011ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின் பின்னர் மாற்றுத்திறனாளிகள் வாக்களிக்க உதவியாளர் ஒருவரை அழைத்துப்போகலாம். ஆனால் தன் வாக்கு தனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று விரும்பும் விழிப்புலனற்றவர் என்ன செய்வார் என்ற கேள்வியை அந்த இரண்டு கைகளும் வைக்கின்றன. நேர்மையான, சிறிய வேலை.

பலவீனமான பகுதி செயற்கைக் கால்களின் சுவர். தேய்ந்த கால்களைக் கறுப்புத் துணியில் தொங்கவிட்டு, கீழிருந்து விளக்கு அடித்து, சோகமான இசையும் போட்டிருக்கிறார்கள். போரையும் கண்ணிவெடியையும் கடந்துவந்த ஊரில் இந்தக் கால்களின் பின்னால் உள்ள வலியை யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சுவர் அதற்கு மேலே எதுவும் கேட்கவில்லை. இந்தக் கால் எத்தனை ஆண்டு உழைத்தது? குதிப்பகுதி தேய்ந்த பிறகு மாற்ற எங்கே போக வேண்டியிருந்தது? வயல் சேற்றில் எந்தப் பகுதி முதலில் கெட்டது? ஒவ்வொரு காலுக்கும் கீழே இந்த மூன்று வரி இருந்தால், படிகளுக்குச் சமமான படைப்பாக இது எழும். பிரித்தானியச் சிற்பி ரோனி ஹீற்றன் 1992இல் 1,760 நன்கொடை உண்டியல்களைக் கோபுரமாக அடுக்கி, ஒரு செயற்கைக் காலை எறிந்து அதைச் சரித்தார். மாற்றுத்திறனாளிகளை இரங்கத்தக்கவர்களாகக் காட்டி நிதி திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எதிரான எழுச்சியின் பகுதி அது. அங்கும் செயற்கைக் கால்தான், ஆனால் யாரை நோக்கி எறியப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. இங்குள்ள சுவருக்கும் அப்படி ஒரு திசை வேண்டும்.

இனி வாசல். மூன்று படிகள், மொத்தம் 45 செ.மீ. 1:12 கணக்கில் 5.4 மீற்றர் சாய்வுப்பாதை வேண்டும். போட்டிருப்பதோ ஒரு முழு ஒட்டுப்பலகை, 8 அடி, அதாவது 2.4 மீற்றர். கடையில் பலகை அந்த நீளத்தில் வருவதால் வந்த அளவு அது. சாய்வு 1:5ஐ நெருங்குகிறது. தனியாக ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும், தள்ளிக்கொண்டு ஏறினால் தள்ளுபவரின் கால் வழுக்கும், இறங்கும்போது பிடி தவறும். ஓரத்தில் தடுப்பு விளிம்பும் இல்லை. இதில் தனியாக யாரும் ஏற வேண்டாம்.

கவனிக்க வேண்டியது, இந்த மண்டபத்துக்குக் கிழக்கே ஒரு பக்கக் கதவு இருக்கிறது. கதவு அகலம் 90 செ.மீ., படி ஒன்றே ஒன்று, 15 செ.மீ. அங்கே 1.8 மீற்றர் போதும். இப்போது அதைப் பூட்டி, கேட்பவருக்கு மட்டும் திறக்கிறார்கள். அதையே எல்லோருக்குமான வாசலாக்கி, வரவேற்பு மேசையை அங்கே நகர்த்துவதுதான் சரியான வழி. அங்கே போடும் சாய்வுப்பாதைக்கு 18 மி.மீ. பலகை, கீழே 40 செ.மீ. இடைவெளியில் குறுக்குச் சட்டம், இரண்டு ஓரமும் 5 செ.மீ. உயர விளிம்பு, மேலே மணல் தூவிய வர்ணம். மாரி மழையில் வெறும் பலகை பாசி பிடித்து வழுக்கும் என்பதால் மணல் அவசியம். கதவுக்கு முன்னால் ஒன்றரை மீற்றர் சமதளம் விட வேண்டும், இல்லாவிட்டால் சாய்வில் நின்றுகொண்டே கதவைத் திறக்க நேரிடும்.

உள்ளே படங்களின் நடுக்கோடு 155 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, நிற்பவரின் கண்ணுக்குச் சரி. 130க்கு இறக்கினால் அமர்ந்திருப்பவரும் நிற்பவரும் சிரமமில்லாமல் பார்க்கலாம். விளக்கத் தாள்களின் எழுத்தும் சிறிது. இருக்கைகள் பிளாஸ்ரிக் கதிரைகள், வாசலருகே மட்டும். கைப்பிடியுள்ள கதிரைகளை ஒவ்வொரு பகுதியிலும் இரண்டிரண்டாகப் போட வேண்டும். ஊன்றுகோலோடு வருபவருக்கும் வயதானவருக்கும் எழும்பக் கைப்பிடி வேண்டும்.

போகிறவர்களுக்கு: சக்கர நாற்காலியிலோ கையால் சுற்றும் மூன்றுசக்கர வண்டியிலோ வருபவர்கள் முன்வாசலைத் தவிர்த்து நேரே கிழக்குக் கதவுக்குப் போய்த் திறக்கச் சொல்லுங்கள், மூன்றுசக்கர வண்டிக்கு அங்கே நிழலும் உண்டு. சைகை மொழிபெயர்ப்பாளர் சனி, ஞாயிறுகளில் மட்டும் இருக்கிறார். கூட்டமும் இரைச்சலும் ஒத்துவராதவர்கள் வாரநாள் காலையில் வருவது நல்லது, மத்தியானத்துக்குப் பிறகு தகரச் சூடும் மேளமும் சேர்ந்துவிடும். பாயைத் தொட்டு வாசிக்க அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். தொண்டர்கள் கேட்டால் வழிகாட்டுகிறார்கள், ஆனால் சிலர் கேட்காமலேயே நாற்காலியைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். முதலில் கேளுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இதைக் கொண்டுபோகும் எண்ணம் இருக்கிறதாம். கொண்டுபோக வேண்டும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் அளவுநாடாவோடு ஒரு மாற்றுத்திறனாளி போய்ப் பார்க்கட்டும். வாசல் படியின் மொத்த உயரம், கதவின் அகலம், கூடத்தில் ஒன்றரை மீற்றர் வட்டத்தில் நாற்காலி திரும்புமா என்பதோடு, மலசலகூடத்தையும் திறந்து பார்க்க வேண்டும். இங்குள்ள மலசலகூடத்தில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது, அகலமும் போதும். ஆனால் கதவு உட்பக்கம் திறப்பதால் நாற்காலி உள்ளே போனபின் சாத்த முடிவதில்லை, மூலையில் துடைப்பமும் வாளிகளும் அடுக்கியிருக்கிறார்கள். வாளிகளை இன்றைக்கே எடுக்கலாம். பிணைச்சலை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்க வைப்பது ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை.